எம்ஆர்ஐ படத்த வச்சி அத்தானுட தலையில செஞ்ச ஓபரேசன்: நாங்க பட்டதும் படிச்சதும்

அத்தானுட வருத்தம் வெளிய தெரிஞ்சது "திறப்பு" எண்ட ஒரு சொல்லுல தான். ஒரு நாள் விடிய கடைய திறக்கப் போகக்குள்ள வாசல்ல நிண்டுக்கு அக்காவக் கூப்பிட்டு "அது... அத எடு... அது" எண்டு கைய காட்டிக்கு நிக்காரு, என்னத்தக் கேக்கிறீங்க எண்டு அக்கா கேட்டா பதில் இல்ல, வலப்பக்க வாய் ரெண்டு தரம் கோணி இழுத்திச்சி. ஒரு நிமிசம் கூட இரிக்காது. மறுகா ஒண்டும் நடக்காத மாதிரி "திறப்ப எடு புள்ள" எண்டாரு. களுவாஞ்சிக்குடியில அவருக்கு ஒரு சின்ன வெல்டிங் கடை, கேற், கிறில் எல்லாம் அடிக்கிற. வேலைக் களைப்பு எண்டு நாங்களும் விட்டிற்றம்.

அது கிழமைக்கு ரெண்டு தரம் வரத் தொடங்கிச்சி. மாமி செய்வினை எண்டு சொல்லி படுவான்கரைப் பக்கம் ஒரு ஆளிட்ட கூட்டிப்போய் தண்ணி ஓதி அச்சிரக்கூடும் கட்டிக் கொண்டுவந்தாங்க. நான் ஏசல்ல, மட்டக்களப்பான் எண்டா மந்திரம் எண்டு நாடே கதைக்கிற ஊரில பிறந்திற்று நான் என்னத்தக் கதைக்கிற, எனக்கும் கயிறு கட்டி இரிக்கு. ஆனா மூணு கிழமை அதுல போயிற்று. வலிப்பு எண்டா விழுந்து கை கால் அடிக்கணும், வாயில நுரை வரணும் எண்டு தான் நாங்க நினைச்சிக்கு இருந்த. இப்பிடி ஆள் நிண்டபடி நிக்க, பேச்சு மட்டும் நிண்டு போறதும் வலிப்பு தானாம். யாருக்காவது இப்பிடி கொஞ்ச நேரம் சொல்லு தடைப்பட்டு வாய் இழுத்தா போன்ல வீடியோ எடுத்து டொக்டருக்கு காட்டுங்க. அக்கா எடுத்த 20 செக்கன் வீடியோ தான் மட்டக்களப்பு ஆசுபத்திரியில அண்டைக்கே சிடி ஸ்கேன் எடுக்க வச்சது. இடப்பக்கம் நெத்திக்கு பின்னால ஒரு கறுப்பு நிழல், கட்டி எண்டாங்க.

எம்ஆர்ஐ எடுக்கணும் எண்டாங்க, அதுக்கு ஒரு படிவம் தந்தாங்க. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கா, தலையில கிளிப் இரிக்கா, உடம்புல இரும்பு ஏதும் இரிக்கா எண்டு ஒரு நீட்டு லிஸ்ட். அத்தான் எல்லாத்துக்கும் இல்ல இல்ல எண்டு புள்ளடி போட்டுக்கு போறாரு. பக்கத்தில இருந்த அக்கா தான் "காலுக்குள்ள இரிக்கிறது என்னகா, அது இரும்பில்லையா" எண்டு கேட்டா.

1990ல அவருக்கு 9 வயசு. ஷெல் விழுந்து இடது கெண்டைக் காலுக்குள்ள ரெண்டு துண்டு போனது, அப்ப எடுக்க வழி இல்ல, மறுகா நோவும் இல்ல, அப்பிடியே தசை மூடிற்று. அவருக்கு அது உடம்புல ஒரு பகுதி, இரும்பு எண்டே ஞாபகத்தில இல்ல. நம்மட பக்கத்தில இப்பிடி எத்தின பேரு இரிக்காங்க எண்டு யோசிச்சிப் பாருங்க. எம்ஆர்ஐ மெசின் எண்டது பெரிய காந்தம், 1.5 டெஸ்லா எண்டு சொல்ற சாதாரண மெசினே பூமியிட காந்தத்த விட கிட்டத்தட்ட 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலயும் அந்தக் காந்தம் வேலை செஞ்சிக்கு தான் இரிக்கும். சில ஷெல் துண்டு இந்தக் காந்தத்துக்கு இழுபடும், கண்ணுக்கு, பெரிய ரத்தக் குழாய்க்கு, முள்ளந்தண்டுக்கு கிட்ட இருந்தா ஆபத்து. இவரு வெல்டிங் வேலை எண்டதால கண்ணுக்குள்ள இரும்புத் தூள் இரிக்கலாம் எண்டு கண்ணையும் சேத்து எக்ஸ்ரே எடுத்தாங்க. கண் சுத்தம். கால் துண்டு ரெண்டும் ஆழத்தில, ரத்தக் குழாய்க்கு தூர, அதனால எடுக்கலாம் எண்டு ரேடியோலஜி டொக்டர் முடிவெடுத்தாரு. காலு சுட்டாலோ இழுத்தாலோ உடன அமத்தச் சொல்லி கையில ஒரு றப்பர் பந்து குடுத்தாங்க. எல்லாருக்கும் இப்பிடி விடுவாங்க எண்டு நினைக்க வேணாம், அது அவங்க பாத்து சொல்ற விசயம். நம்மட வேலை மறைக்காம சொல்றது. எந்தப் பக்கத்து ஷெல், எந்த இயக்கம், எந்த ஆமி எண்டு யாரும் கேக்கல்ல, பயப்பட ஒண்டும் இல்ல.

அரைஞாண் கொடி, அச்சிரக்கூடு எல்லாம் கழட்டணும். கூடு கழட்டினா தோசம் எண்டு மாமி நிண்டாங்க, அத நான் என்ட சேட் பக்கெட்டுல வச்சிக்கு வெளிய நிக்கிறன் எண்டு சொன்ன பிறகு தான் விட்டாங்க. வெள்ளி, செம்பு காந்தத்துக்கு இழுபடாது தான், ஆனா மெசினுக்குள்ள சூடாகுமாம். உள்ள சத்தம் பயங்கரம் எண்டு எல்லாரும் சொல்லி இருந்தாங்க. 40 நிமிசத்துக்கு பிறகு வெளிய வந்து "கிரைண்டர் சத்தத்த விட குறைவுதான் மச்சான், நித்திரை வந்திற்று" எண்டாரு.

இதுக்கு பிறகு தான் நாங்க காசையும் நாளையும் வீணாக்கின கதை. நாங்க எடுத்த அந்த ஸ்கேன தூக்கிக்கு உதயதேவியில ஏறி எட்டு ஒம்பது மணித்தியாலம் இருந்து கொழும்புக்கு போய் மூளை ஓபரேசன் செய்யிற டொக்டரக் கண்டா, அவரு ஸ்கேன் பதிஞ்ச சீடிய கொம்பியூட்டர்ல போட்டுப் பாத்திற்று, வருத்தம் என்ன எண்டு பாக்க இது காணும், ஆனா இத வச்சி தலைக்குள்ள வழி பாக்க ஏலாது எண்டாரு. காரணம் இதுதான். சாதாரணமா எடுக்கிற எம்ஆர்ஐ பாண் வெட்டுற மாதிரி 5 மில்லிமீற்றர் அளவுல துண்டு துண்டா, நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டும் எடுக்கிற. ஓபரேசனுக்கு கொம்பியூட்டர்ல வழிகாட்ட வைக்கிற படம் 1 மில்லிமீற்றர் தடிப்பில, இடைவெளியே இல்லாம, உச்சந்தலையில இருந்து மூக்கு, காது எல்லாம் சேத்து எடுக்கணும். ஸ்கேன் எடுத்த இடத்திலயும் எங்களிட்ட ஒருத்தரும் சொல்லல்ல, கேக்கணும் எண்டு எங்களுக்கும் தெரியா. கட்டி எண்டு சிடி ஸ்கேன்ல தெரிஞ்ச உடனயே, ஓபரேசன் வந்தா நெவிகேசன் எண்டு சொல்ற இந்த வழிகாட்டலுக்கு பாவிக்கிற மாதிரி எடுக்க ஏலுமா எண்டு ஸ்கேனுக்கு துண்டு எழுதுற டொக்டரிட்ட கேட்டு வைங்க. படத் தாளை மட்டும் வாங்கிற்று வராதீங்க, சீடி கட்டாயம், ரெண்டு கொப்பி அடிச்சி வைங்க. செலவு எவ்வளவு எண்டு நான் இதில எழுதல்ல, மாசத்துக்கு மாசம் மாறுது.

கட்டி இருந்த இடம் பேச்சு பிறக்கிற இடத்துக்கு ஒட்டின மாதிரி. மெதுவா வளருற இந்த மாதிரிக் கட்டிக்கு கரை இல்லையாம், கண்ணால பாத்தா நல்ல மூளையும் கட்டியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, அதனால தான் எம்ஆர்ஐ படம் பக்கத்தில வேணும் எண்டாங்க. அதோட பேச்சு எந்த இடத்தில இரிக்கு எண்டு பாக்க இன்னொரு வகை எம்ஆர்ஐ, ஃபங்சனல் எண்டு சொல்றாங்க. மூளையில வேலை செய்யிற இடத்துக்கு ஒட்சிசன் உள்ள ரத்தம் கூட ஓடும், ஒட்சிசன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தத்துக்கு வேற வேற மாதிரி, அந்த வித்தியாசத்த படமாக்கிற. செய்ஜி ஒகாவா எண்ட ஜப்பான்காரர் 1990ல கண்டு சொன்ன விசயம் இது. அதுக்கு ஆள் மெசினுக்குள்ள படுத்துக்கு 30 செக்கன் சொல்லு யோசிக்கணும், 30 செக்கன் சும்மா இரிக்கணும், மாறி மாறி. வாயால சொல்லக் கூடா, தலை அசைஞ்சிரும்.

மெசின் போடுற தம்பி சிங்களம், நல்ல பொடியன். க எழுத்தில தொடங்குற சொல்லு எண்டு நான் கொன்ட்ரோல் றூமில நிண்டு மைக்கில தமிழில சொல்ல விட்டாரு. முதல் தரம் படத்தில ஒரு இடமும் நிறம் காட்டல்ல. இறக்கிக் கேட்டா அத்தான் சொல்றாரு, "நான் சொல்லு யோசிக்கல்ல மச்சான், அந்த டக் டக் சத்தத்த எண்ணிக்கு கிடந்தன்." ரெண்டாந்தரம் எடுத்ததில இடப்பக்கம் கட்டிக்கு முன்னால சிவப்பா ஒரு திட்டு வந்திச்சி. வீட்டில இருந்தே போன்ல டைமர் போட்டு நாலஞ்சு தரம் பழக்கி இருந்தா இந்த வேலை வந்திராது.

அதே நாள் நார் பாக்கிற படமும் எடுத்தாங்க. மூளைக்குள்ள பேச்சுக்கு ஒரு கட்டு, கைக்காலுக்கு ஒரு கட்டு எண்டு நரம்பு நார் ஓடுது, தண்ணித் துணிக்கை நார் போற திசையில தான் சுகமா அசையும், அத அளந்து நாரக் கீறுறாங்க. வயலுக்குள்ள தண்ணி போற பக்கத்தப் பாத்து புல்லு மூடின வாய்க்கால கண்டுபிடிக்கிறம் தானே, அப்பிடி. படத்தில சிவப்பு எண்டா இடமிருந்து வலமா போற நார், பச்சை முன் பின்னா போறது, நீலம் மேல் கீழா போறது. அத்தான் அந்தப் படத்தப் பாத்திற்று வயர் கட்டு மாதிரி இரிக்கே எண்டு கன நேரம் பாத்துக்கு இருந்தாரு.

ஆனா டொக்டர் தெளிவா சொல்லிற்றாரு, இந்தப் படங்கள முழுசா நம்பி வெட்ட ஏலாது, பேச்சு பக்கத்தில எண்டா ஆள முழிப்பில வச்சி கதைக்க விட்டு பாத்துப் பாத்து தான் எடுக்கணும். மூளைக்கு நோவு தெரியாதாம், தோலுக்கும், எலும்பையும் மூளையையும் மூடின சவ்வுக்கும் தான் நோவு, அதுக்கு விறைப்பு ஊசி. அக்கா அழுதா. அத்தான் கேட்டது ஒண்டு தான், "எந்தப் பாசையில கதைக்கணும்?"

இத நான் கட்டாயம் எழுதணும் எண்டு தான் இவ்வளவும் எழுதுறன். ஓபரேசன் நேரம் படத்தக் காட்டி பேர் கேப்பாங்க, அந்த நேரம் டொக்டர் மூளையில சின்னக் கரண்ட் வைப்பாரு, சொல்லு தடுமாறினா அது பேச்சு இடம், அதுல கை வைக்கமாட்டாங்க. அவங்களிட்ட இருந்த தமிழ் லிஸ்ட் இந்தியாவில செஞ்சது போல. அதுல நாற்காலி, சாவி, தர்பூசணி. இவரு கதிரை, திறப்பு, வத்தகப்பழம் எண்டு சொல்லுவாரு. படம் காட்டுற டொக்டர் தங்கச்சி யாழ்ப்பாணம், அவவுக்கு இதெல்லாம் விளங்கும், அதனால பிரச்சினை இல்ல எண்டு இருந்தம். முதல் நாள் பழகிப் பாக்கக்குள்ள ஒரு ஆள் சைக்கிள வளைவுல திருப்புற படம். அத்தான் சொன்னாரு "கிறுகுறான்". அவ பிழை எண்டு குறிச்சா. இறால் பிடிக்கிற சின்ன வலைப் படத்துக்கு "அத்தாங்கு" எண்டாரு, அதுக்கும் பிழை. நான் எட்டிப் பாத்திற்று தங்கச்சி, அது பிழையில்ல, எங்கட ஊரில திரும்புறதுக்கு கிறுகுற எண்டு தான் சொல்ற எண்டன். அவ சிரிச்சிற்று, மூளையில பாதிப்பு வந்தா இல்லாத சொல்லு உண்டாக்கி சொல்லுவாங்க, நான் அப்பிடித்தான் நினைச்சன் எண்டா. யோசிச்சிப் பாருங்க, ஓபரேசன் நடக்கக்குள்ள அவரு கிறுகுறான் எண்டு சரியாச் சொல்ல, அந்த இடம் பேச்சு இடம் எண்டு நினைச்சி எடுக்க வேண்டிய கட்டிய விட்டிருப்பாங்க.

நான் ஆரம்பப் பிரிவுக்கு படிப்பிக்கிற ஆள், பட அட்டை எனக்கு தினசரிச் சோறு. அண்டைக்கு ராவு இருந்து 80 படம் தேடி எடுத்து ஒவ்வொண்டுக்கும் கீழ அத்தான் வாயில வாற சொல்ல எழுதினன். திறப்பு, கதிரை, சுளகு, வட்டா, தோணி, பப்பாசி, சவர்க்காரம். அடுத்த நாள் எல்லாத்தையும் கேட்டு, அவரு சும்மா இரிக்கக்குள்ளயே தடுமாறின 11 படத்த கழிச்சி விட்டாங்க, இல்லாட்டி தியேட்டர்ல தடுமாறினா கரண்டாலயா வருத்தத்தாலயா எண்டு தெரியாது. உங்கட ஆக்களுக்கு இப்பிடி ஒரு ஓபரேசன் வந்தா, அக்கரைப்பற்றோ வாழைச்சேனையோ காத்தான்குடியோ, அவங்க வீட்டில கதைக்கிற சொல்ல எழுதிக் குடுங்க. உம்மா எண்டு சொல்ற ஆளிட்ட அம்மா எண்டு எழுதின லிஸ்ட குடுக்காதீங்க.

ஓபரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் தலையில 8 ஸ்டிக்கர் ஒட்டி அதோட கடைசி எம்ஆர்ஐ எடுத்தாங்க. படத்தில அந்த ஸ்டிக்கர் தெரியும், தியேட்டர்ல அதே ஸ்டிக்கர ஒரு கோலால தொட்டுத் தொட்டு காட்டினா கொம்பியூட்டர் படத்தையும் உண்மைத் தலையையும் பொருத்திக்கும். கோலுல மினுங்குற உருண்டை இரிக்கு, மேல நிக்கிற கெமரா அத இன்ஃப்ராரெட்டால பாத்துக்கு இரிக்கும், கோல் நுனி மூளையில எங்க எண்டு திரையில காட்டும். தலை கொஞ்சமும் அசையாம மூணு ஊசி வச்ச பிடியில இறுக்கிற. இத எனக்கு விளங்கப்படுத்தினது அத்தான் தான், "வைஸ்ல இறுக்கிற்று சென்ரர் பஞ்சால புள்ளி குத்தி அளவு எடுக்கிற மாதிரி, வைஸ் ஆடினா எல்லாம் பிழை" எண்டு.

அந்த ராவு வெக்கைக்கு வேர்த்து காதுக்கு மேல ஒட்டின ஒண்டு கழண்டு தலகணியில கிடந்திச்சி. நான் என்ன செஞ்சன், எடுத்து அடையாளம் தெரிஞ்ச இடம் எண்டு நினைச்சி திருப்பி ஒட்டிற்று பேசாம படுத்திற்றன். விடிய மிஸ்ஸி வந்து யாராச்சும் தொட்டதா எண்டு கேக்க என்ட நெஞ்சு அடிச்ச அடி. சொல்லிற்றன். நல்ல ஏச்சு. ஆனா சொன்னதால அந்த ஒண்டக் கழிச்சிற்று மத்த ஏழையும் வச்சி செஞ்சாங்க. கழண்டா ஒட்டாதீங்க, எடுத்துக் கையில வச்சிக்கு போய் சொல்லுங்க. ஸ்டிக்கரச் சுத்தி பேனையால வட்டம் கீறி விடச் சொல்லிக் கேக்கலாம்.

தியேட்டருக்குள்ள நடந்தது அத்தானும் டொக்டரும் சொல்லித் தான் எனக்குத் தெரியும். நித்திரையாக்கி திறந்து, மறுகா எழுப்பி இரிக்காங்க. அந்தத் தங்கச்சி முகத்துக்கு நேர டப்லெட்டுல படம் காட்ட இவரு "இது கதிரை", "இது தோணி" எண்டு முழு வசனமா சொல்லணும், சொல்லக்குள்ள டொக்டர் சின்னக் கரண்ட் ஒண்ட மூளையில வைப்பாரு. ஒரு இடத்தில "இது... இது..." எண்டு நிண்டு போயிற்றாம், கரண்ட எடுத்த உடன "சுளகு" எண்டு பாஞ்சி வந்ததாம். அந்த இடத்தில இலக்கம் போட்ட சின்னக் கடதாசித் துண்டு வச்சாங்களாம். "சொல்லு தொண்டையில நிக்கி மச்சான், கதவுக்குப் பின்னால ஆள் நிக்கிற மாதிரி தெரியுது, வரமாட்டான்" எண்டு இப்பவும் சொல்லுவாரு.

இவ்வளவு நுணுக்கமா படம் எடுத்திற்று பிறகு ஏன் ஆள முழிப்பில வைக்கணும் எண்டு நான் டொக்டரிட்ட கேட்டன். மண்டையத் திறந்து உள்ள இரிக்கிற நீர் வடிஞ்ச உடன மூளை கொஞ்சம் இறங்குமாம், கட்டியில பாதிய எடுத்தா இன்னும் சரியும். எருமைத் தயிர்ச் சட்டியில ஒரு பக்கம் அகப்பையால அள்ளினா மத்தப் பக்கம் சரிஞ்சி வாறத்தப் பாத்திருக்கம் தானே, அதுதான். நேத்து எடுத்த படம் நேத்தையத் தலைக்கு. சில மில்லிமீற்றர் பிசகினாலும் பேச்சு நார்ல கை வச்சிருவம் எண்டாரு. அதுக்கு தான் ஓபரேசன் நடக்கக்குள்ளயே தியேட்டருக்குள்ள எம்ஆர்ஐ எடுக்கிற மெசின் உண்டாக்கினாங்க, அமெரிக்காவில பொஸ்டன்ல பிரிகாம் ஆசுபத்திரியில 1994ல வச்சது, ரெண்டு வளையத்துக்கு நடுவுல டொக்டர் நிண்டு வெட்டுற மாதிரி. ஆனா சுத்தி இரிக்கிற கத்தி, கதிரை, மயக்க மருந்து மெசின் எல்லாம் காந்தத்துக்கு இழுபடாத சாமானா இரிக்கணும், செலவ யோசிங்க. எங்கட டொக்டர் அல்ட்ராசவுண்ட வச்சி பாத்துப் பாத்து செஞ்சாரு, அதோட அத்தானுட வாய். அந்த இலக்கம் வச்ச இடத்துக்குக் கீழ கொஞ்சத்த விட்டிற்றாங்க. முழுக்க எடுத்தா என்ன எண்டு மாமி கேட்டாங்க. கதைக்காத மகன் வேணுமா எண்டு அக்கா கேட்டா.

ரெண்டாம் நாள் திருப்பியும் எம்ஆர்ஐ. எவ்வளவு மிச்சம் எண்டு பாக்க 72 மணித்தியாலத்துக்குள்ள எடுக்கணுமாம், பிந்தினா வெட்டின இடம் ஆறி வாற தழும்பு, படம் தெளிவாத் தெரிய ஊசியில ஏத்துற மருந்துக்கு மினுங்கி, கட்டி மாதிரியே காட்டும். அந்த மருந்து, கடோலினியம், போட முதல் சிறுநீரகம் பாக்கிற ரத்தச் சோதனை கேப்பாங்க, றிப்போட்ட கையில வச்சிக்குங்க.

முதல் கிழமை பேச்சு நல்லா குறைஞ்சி போயிற்று. இப்பிடி ஆகும் எண்டு முதலே சொல்லி இருந்தாங்க, ஆனா சொல்லிக் கேக்கிறதும் கண்ணால பாக்கிறதும் ஒண்டில்ல. மேசையக் காட்டி கதிரை எண்டாரு. வலிப்புக் குளிசையால கோவம் கூட, தண்ணி சுடுது எண்டு கோப்பைய எறிஞ்சாரு, அக்கா மனுசன் மாறிற்றாரு எண்டு பயந்து போனா, கிளினிக்கில சொன்ன பிறகு அளவ மாத்தினாங்க. வீக்கத்துக்கு குடுக்கிற டெக்சாவால சீனி ஏறிச்சி. அந்த 80 பட அட்டையை அக்கா காலையும் பின்னேரமும் காட்டிக்கு இருந்தா. ரெண்டு கிழமையா திறப்புப் படத்துக்கு மட்டும் "சாவி" எண்டாரு, வாழ்க்கையில அந்தச் சொல்ல அவரு வாயால கேட்டதில்ல, டீவி நாடகத்தில கேட்டது எங்கயோ கிடந்திருக்கு. இப்ப சரி. அவசரப்பட்டுக் கதைச்சா மட்டும் சொல்லு பிந்தும்.

எடுத்த கட்டியிட சதைய சோதிச்ச முடிவு இரண்டாம் தரம், மெதுவா வளருற வகை, எண்டு வந்தது. கடையில இருக்காரு, ஏணி ஏற, பைக் ஓட இன்னும் விடல்ல, வெல்டிங் பொடியனுகள் செய்ய பக்கத்தில இருந்து ஏசுறாரு. அடுத்த எம்ஆர்ஐ ஐப்பசி மாசம். சீடி எல்லாம் ஒரு பிஸ்கட் பேணிக்குள்ள திகதி போட்டு அடுக்கி இரிக்கு, ஃபைல்ல எல்லாத்துக்கும் மேல கெண்டைக் கால் எக்ஸ்ரே, புதுசா வாற மெசின் போடுற ஆள் கேக்க முதல் அத்தானே எடுத்து நீட்டுவாரு.